லிப்ரெஆஃபிஸில் என் முதல் திருத்தம் சேர்ந்த கதை

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் தமிழ் மொழி விழாவுக்கு நாங்கள் போடும் நிகழ்ச்சி நிரலிலிருந்து வீட்டுக் கணக்கு வரைக்கும் எனக்கு எல்லாமே, யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய இலவச அலுவலக மென்பொருளான லிப்ரெஆஃபிஸ்தான். இத்தனை வருடம் சும்மா வாங்கிக்கொண்டே இருந்தாயிற்று, நம் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. ஆனால் அதன் நிரலை நினைத்தாலே பயம். ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் 1980களில் தொடங்கியது, 1999இல் சன் நிறுவனம் வாங்கி, அடுத்த வருடம் மூல நிரலை ஓப்பன்ஆஃபிஸ் என்ற பெயரில் வெளியே விட்டு, 2010இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்து லிப்ரெஆஃபிஸ் ஆனது. அவ்வளவு பழைய, அவ்வளவு பெரிய சி++ குவியலில் நாம் எங்கே கை வைப்பது?

கை வைக்க அவர்களே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 'ஈஸி ஹேக்' என்று புதியவர்களுக்காகவே பிரித்து வைத்த வேலைகள். அதில் 143148ஆம் எண்ணை எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் நேரம் தின்றது நிரல் இல்லை, பில்ட்தான், அதாவது மூல நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலை. மூல நிரலை இறக்கவே பல ஜிகாபைட் போகும். தேவையானதெல்லாம் கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆட்டோஜென்னை ஓட்டினால் இந்தப் பொதி இல்லை, அந்தப் பொதி இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நிற்கும், உபுண்டு லினக்ஸில் அவற்றை மொத்தமாக இறக்கும் 'பில்ட்-டெப்' கட்டளையை முதலிலேயே கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி தீரும். அப்புறம் பில்டைத் தொடங்கும் 'மேக்' (make) கட்டளை. சாதாரண மடிக்கணினியில் மணிக்கணக்கில் ஓடும், அதனால் ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பதுதான் நல்லது. ஒரு தடவை செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷையும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த பில்டெல்லாம் அதனால்தான் சீக்கிரம் முடியும். எல்லாம் முடிந்து, இன்ஸ்ட்டிர் கோப்புறைக்குள் இருக்கும் எஸ்ஆஃபிஸை ஓட்டி, நானே பில்ட் செய்த ரைட்டரில் 'வணக்கம்' என்று தட்டியபோது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

சரி, வேலை என்ன? பல நிரல் கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்பை இரண்டு வழியாக உள்ளே இழுத்தால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இரண்டு தடவை படித்துத் தகராறு செய்யும். அதைத் தடுக்கப் பழைய முறையில் தலையில் இரண்டு வரி, காலில் ஒரு வரி என்று காவல் போட்டிருப்பார்கள். அந்த மூன்றையும் எடுத்துவிட்டு மேலே 'பிராக்மா ஒன்ஸ்' என்று ஒரே வரி. கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. சில கோப்புகளை வேண்டுமென்றே பலமுறை சேர்ப்பார்கள், அங்கே இதைப் போட்டால் பில்டே உடையும். அதனால் ஒவ்வொரு கோப்பையும் யார் யார் சேர்க்கிறார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படித் தேடியதில்தான் எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று பிடிபட ஆரம்பித்தது, இந்த வேலையைப் புதியவர்களுக்கு விட்டுவைத்ததன் அருமையும் புரிந்தது.

அனுப்பும் முன், என் பங்களிப்புகள் எம்பிஎல், எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமங்களின் கீழ் வரலாம் என்று ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். ஒரே வரி, ஒரே தடவை. பிறகு, திருத்தங்களைப் படித்துப் பார்க்கும் தளமான கெரிட். அங்கே திருத்தம் போனதும் ஜென்கின்ஸ் என்ற தானியங்கி அதை லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் என்று தனித்தனியாக பில்ட் செய்து பார்க்கும், அதற்கு மேல் அனுபவமுள்ள ஒருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். என்னுடையதைப் படித்தவர் கமிட் செய்தியின், அதாவது திருத்தத்தோடு போகும் குறிப்பின், முதல் வரியைச் சுருக்கச் சொன்னார், ஏன் என்றும் பொறுமையாக எழுதியிருந்தார். இப்படிச் சொன்னால் புதிய கமிட் போடாமல் பழையதையே 'அமெண்ட்' செய்து அனுப்ப வேண்டும், அப்போதுதான் அதே இடத்தில் இரண்டாம் பதிப்பாகப் போய் உட்காரும். பார்ப்பவர்களில் நிறையப் பேர் ஐரோப்பாவில் இருப்பவர்கள். ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பிற்பகல் மூன்றோ நான்கோ, ஆகவே பதில் வருவது பெரும்பாலும் நாம் வேலை முடிந்து எம்ஆர்டியில் வரும் நேரத்தில்தான்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் கேட்டான், "மாமா, இதுக்குக் காசு தருவாங்களா?" கொலாபரா மாதிரி நிறுவனங்களில் சம்பளத்துக்கு இதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கிடையாது என்றேன். ஆனால் இருபது வயதில், உலகமே பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் தன் நிரலை ஒரு தேர்ந்த ஆள் வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்வது எந்த வகுப்பில் கிடைக்கும்? அவனும் இப்போது பில்ட் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதிய பதிப்பு வரும், மாஸ்டர் என்ற முதன்மை நிரலில் சேர்ந்தது அடுத்ததில் தானாக வந்துவிடும். நீங்களும் முயன்று ஆட்டோஜென்னிலேயே நின்றுவிட்டால், திரையில் கடைசியாக வந்த வரிகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.