தோள் இன்னும் இருக்கிறது

அக்டோபர் 27
ஜப்பானின் அயோயி ஸ்டேஷனில் இறங்கி, ஸ்பிரிங்-8 எக்ஸ்ரே வளையத்துக்குப் பஸ் பிடித்தேன். மலை ஏறியதும் சாலையோரம் மூன்று மான்கள். செல்லின், அதாவது மாதிரியை வைத்து அழுத்தும் சின்னக் கூட்டின், உதிரிகள் இருந்த டப்பாவை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். வேலை நீட்டிப்புக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அக்டோபர் 28
நாள் முழுக்க செல் கட்டினேன். போரான்–எபாக்சி கனசதுரம், விரல் நுனியில் நிற்கும். அதன் நடுத்துளையில் கிராஃபைட் குழாய், அதுதான் அடுப்பு. குழாய்க்குள் போரான் நைட்ரைடு கிண்ணம், கிண்ணத்தில் ஜெர்மேனியம், அழுத்தி உருக்கிப் பார்க்க. பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு. உப்பின் படிகம் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துத்தான் உள்ளே அழுத்தம் எத்தனை கிகாபாஸ்கல் என்று சொல்ல முடியும். ஈரம் கோத்த உப்பு உதவாது. அம்மா உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்பாள். நான் இரண்டு தடவை சூடேற்றி எடுத்தேன்.

அக்டோபர் 29
பீம், எக்ஸ்ரே கற்றை, நாளைக்குத்தான். பழைய எக்ஸ்ரே சிதறல் வளைவுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திட ஜெர்மேனியத்தில் ஓர் அணுவுக்கு நாலு அண்டை அணுக்கள். 938 டிகிரியில் உருகியதும் அது உலோகமாகிவிடுகிறது, அண்டை ஆறு ஏழாகிறது. உருகினால் அடர்த்தி கூடுகிற பொருள் இது. தண்ணீரில் ஐஸ் போல, திட ஜெர்மேனியம் தன் திரவத்திலேயே மிதக்கும். அழுத்த அழுத்த உருகுநிலை இறங்குவதும் அதனால்தான். சரி, இதெல்லாம் பாடப்புத்தகம். என்னைத் தூங்கவிடாதது அந்தத் தோள். சாதாரண உலோகத் திரவத்தின் வளைவில் முதல் சிகரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும். இதிலோ வலப்பக்கம் ஒரு புடைப்பு, அதுதான் தோள். உருகியும் பழைய பிணைப்பை முழுக்க விடவில்லை. சிலிக்கானும் இப்படித்தான். ஃபுனமோரி, ட்சுஜி என்ற ஆய்வாளர்கள் அதை 23 கிகாபாஸ்கல் வரை கொண்டுபோய் 2002-இல் எழுதினார்கள். பெரிய மாற்றம் 8-க்கும் 14-க்கும் நடுவில். எங்கள் ப்ரஸ், செல்லை அழுத்தும் இயந்திரம், அவ்வளவு தூரம் போகாது.

அக்டோபர் 30
பீம் வந்தது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் அறுந்தது. உருக்கவில்லை.

அக்டோபர் 31
அதிகாலை 2:40, 2 கிகாபாஸ்கல். தொள்ளாயிரம் டிகிரியைத் தொடும் முன்பே படிகத்தின் கூரான கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்து, அந்த இடத்தில் ஒரு மொத்தையான மேடு எழுந்தது. ஜூனியர் பையன் கை தட்டினான். பார்க்கிற டிடெக்டரும் ஜெர்மேனியம்தான். அது திரவ நைட்ரஜன் குளிரில் உட்கார்ந்துகொண்டு, அடுப்பில் வேகும் தன் இனத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஏழெட்டுக் கோணங்களில் எடுத்து ஒட்டினால்தான் ஒரு வளைவு. காலை பத்துக்கு ஒட்டி முடித்தேன்.

தோள் இருக்கிறது.

நவம்பர் 1
இதே ஸ்பிரிங்-8 வளையத்தில்தான் கதயாமா குழு பாஸ்பரஸைப் பிடித்தது. 2000-இல் வெளிவந்தது. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய சூட்டில், 1 கிகாபாஸ்கல் அருகில், நாலு நாலு அணுவாகத் திரிந்த திரவம் சட்டென்று கைகோத்து வலையான இன்னொரு திரவமாகிவிட்டது. கொதிக்கவுமில்லை, உறையவுமில்லை. திரவ ரூபிடியத்தை இந்த அளவுக்கு அழுத்தினால் போட்டோவைச் சின்னதாக்கியது போல எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கும், அவ்வளவுதான். சீசியம்கூட ஓரளவுக்குத்தான் பொறுக்கிறது. 4 கிகாபாஸ்கலை நெருங்கும்போது பன்னிரண்டு அண்டையில் நாலைக் கழற்றிவிடுகிறது. அழுத்தினால் அண்டை கூடும் என்றுதானே யாரும் நினைப்போம்!

எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். தோள் கொஞ்சம் தாழ்ந்தால் போதும்.

நவம்பர் 2
5 கிகாபாஸ்கல். தாழ்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். போரான் நைட்ரைடின் பின்னணியை ஒரு மாதிரி கழித்தால் தாழ்கிறது, இன்னொரு மாதிரி கழித்தால் அப்படியே நிற்கிறது. எனக்கு வேண்டியதைத்தான் கழிக்கிறேனோ? சென்செய், என் பேராசிரியர், வெகுநேரம் பார்த்துவிட்டு, “இன்னொரு புள்ளி எடு” என்றார். அம்மா போனில், “பதில் வந்துச்சா?” என்றாள். தூங்கப் போகிறேன் என்றேன். போகவில்லை.

நவம்பர் 3
செல் வெடித்துவிட்டது. அழுத்தம் ஏற்றும்போது பொறுத்துக்கொள்ளும், பெரும்பாலும் இறக்கும்போதுதான் போகும். தெரியும். தெரிந்தும் கடைசி ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டு வேகமாக இறக்கினேன். பீம் விழும் அறையான ஹட்ச்சின் கதவுக்கு வெளியே நின்றே அந்தச் சத்தம் வயிற்றில் இறங்கியது. செல்லை அழுத்தும் ஆறு அன்வில் கட்டைகளில் ஒன்று குறுக்கே பிளந்து கிடந்தது. டங்ஸ்டன் கார்பைடு உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், சர்க்கரைக் கட்டி போல நறநறவென்று. ஜெர்மேனியத்தைக் காணோம். சென்செய் “ஷோகனாய்”, வேறு வழியில்லை, என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு ஷிப்ட் பாக்கி.

நவம்பர் 4
பதில் வந்தது. மார்ச் வரைதான்.
மாற்று அன்வில் பொருந்துகிறது. இரவு 1:15, 4.6 கிகாபாஸ்கல். இன்னும் படிகக் கோடுகள்தான்.