பாராலாச்சாவுக்கு அந்தப் பக்கம்

ஜூலை 6, ஜிஸ்பா

அண்ணனும் நானும் ஆளுக்கொரு பைக்கில் லே போகிறோம். காலையில் மணாலி, மதியம் ஜிஸ்பா. ரோத்தாங் கணவாய் ஏறவே வேண்டாம், அடல் சுரங்கம் 9 கிலோமீட்டரில் மறுபக்கம் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. உடம்புக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. தாண்டி பங்க்கில் டேங்க், கேன் எல்லாம் நிரப்பியாச்சு. அண்ணன் விரலில் ஆக்ஸிமீட்டர், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க: 91. எனக்கு 92. 3,200 மீட்டரில் இது பரவாயில்லை.

"பாப்பா, பரீட்சை மார்க் மாதிரி பார்க்காதே."

ஜூலை 7

அண்ணனுக்கு 89. தலைவலி இல்லையாம். இன்னொரு நாள் இங்கேயே இருக்கலாம் என்றதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாகா ஆற்றங்கரையில் ப்ளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடையது பழைய கார்புரேட்டர் வண்டி. மேலே போகப் போகக் காற்று மெலியும், பெட்ரோல் மட்டும் தாராளமாக வரும். ப்ளக்கில் கரி படியும், ஐட்லிங்கில் அணையும். என் வண்டியில் சென்சார் பார்த்து அதுவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். உடம்பும் அப்படித் தன்னைச் சரிசெய்துகொள்ளும்தான். மூச்சு வேகமாகும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாளைக் கொடுக்க இவனுக்கு மனசு வரவில்லை. உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் டயமாக்ஸ் மாத்திரையும் போட முடியாது, அவனுக்குச் சல்ஃபா அலர்ஜி.

தங்லாங் லா, தங்லாங் லா. லே போகும் வழியில் இருக்கும் கணவாய். காலையிலிருந்து வேறு பேச்சே இல்லை.

ஜூலை 8

மழை. 90. அம்மாவிடம் மணாலியிலேயே இருக்கிறோம் என்றேன்.

ஜூலை 9, சர்ச்சு

விடியும் முன்பே கிளம்பினோம். ஜிங்ஜிங்பாருக்கு மேலே ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நாலா, பனி உருகி வரும் ஓடை, ஓடுகிறது. இரவுக் குளிரில் பனி உருகாததால் காலையில் கணுக்கால் அளவுதான், வெயில் ஏறிவிட்டால் இழுத்துக்கொண்டு போகும். முதல் கியர், பாதி கிளட்ச், கண் எதிர்க்கரையில். அடியில் உருண்டைக் கற்கள் நழுவுவது ஹேண்டில்பாரில் தெரிந்தது. அவன் வண்டி நடுவில் இருமியது, நல்லவேளை நிற்கவில்லை.

சூரஜ் தால் ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. அப்புறம் பாராலாச்சா கணவாய், 4,890 மீட்டர். ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். இவ்வளவு சந்தோஷம் எனக்குள் எங்கே இருந்ததோ!

அவன் கத்தவில்லை. ஹெல்மெட் பக்கிளைத் தேடிக்கொண்டிருந்தான். விரல் அதன் மேலேயே இருந்தது, ஆனாலும் தேடிக்கொண்டிருந்தான்.

அதே நாள், இரவு

72.

இரண்டு முறை வாந்தி. மீட்டரைத் தேய்த்து, அவன் விரலைச் சூடாக்கி, மறுபடி பார்த்தேன். 71.

சர்ச்சு 4,290 மீட்டர். இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். லே பக்கம் என்றால் நக்கீ லா, லாச்சுங் லா, பாங், அப்புறம் அவனுடைய தங்லாங் லா, 5,328. திரும்பினால் பாராலாச்சா ஒன்றுதான், அதைத் தாண்டினால் சரசரவென்று இறக்கம். மேப்பை எத்தனை முறை விரித்தாலும் இதேதான். டென்ட்டுக்காரர் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்தார். சிக்னல் கிடையாது.

கயிற்றை நேராகப் போட்டு, குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட அதன்மேல் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தான். "குளிர்லடா பாப்பா" என்றான். குளிரில் கால் நடுங்கும், இப்படிச் சாயாது. மூளையில் நீர் கோத்தால்தான் இப்படி. டாக்டர் அவசரத்துக்கு எழுதிக்கொடுத்திருந்த டெக்ஸாவை, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை, கொடுத்துவிட்டேன்.

தூங்க விடவில்லை. சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பழக்கிய கதையை அவனையே சொல்ல வைத்தேன். நடுநடுவே எனக்குத் தெரியாத யார் யாரோ கதைக்குள் வந்தார்கள்.

ஜூலை 10, கேலாங்

டாக்ஸியில் திரும்பினோம். வண்டிகள் சர்ச்சுவில். பாராலாச்சா வளைவுகளில் அவன் தலை என் தோளில், என் கை அவன் மணிக்கட்டில். இறக்கத்தில் ஜிங்ஜிங்பார் தாண்டும்போது தண்ணீர் கேட்டான். தண்ணீர் கேட்டான்!

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு 94.

ஜூலை 11

அம்மா போன். மழை என்றேன். "அங்க என்னடி இன்னும் மழை?"

ஜூலை 12

96, குழாயோடு. இன்று கோட்டில் நேராக நடந்தான், டாக்டர் முன்னாலேயே. அடுத்த கேள்வி வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேனா என்பது. அதற்கடுத்தது தங்லாங் லா. பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இவ்வளவு கோபம் இவன்மேல் எனக்கு வந்ததே இல்லை.

சர்ச்சு போகும் லாரி ஒன்று நாளை விடிகாலை கிளம்புகிறதாம். அதில் ஏறி என் வண்டியை மட்டுமாவது ஓட்டி வந்துவிடலாம். ஆனால் சாயங்காலம் குழாயை எடுத்துவிட்டு அளவு பார்க்கப் போகிறார்கள், அது 88-க்குக் கீழே போனால்