அப்பென்செல்லில் ஒரு வாக்களிப்பு ஞாயிறு

சுவிட்சர்லாந்தின் வடகிழக்கில் உள்ள அப்பென்செல் இன்னர்ரோடன் மிகச் சிறிய மாநிலம். அதன் வாக்காளர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறன்று தலைநகரின் சதுக்கத்தில் கூடி, ஆட்சிக்குழுவினரைத் தேர்ந்தெடுத்து, சட்டங்களை ஏற்கவோ தள்ளவோ செய்கிறார்கள். லான்ட்ஸ்கெமைன்ட எனப்படும் அந்தப் பேரவையைக் காண்பதற்காகவே என் பயண நாள்களை அமைத்துக்கொண்டேன்.

தேவாலய வழிபாடு முடிந்து, இசைக்குழுவுடன் ஊர்வலம் சதுக்கத்தை அடைந்தது. கயிறு கட்டிய வளையத்துக்குள் வாக்காளர்கள் நிற்க, பார்வையாளர்களாகிய நாங்கள் வெளியே நின்றோம். ஆண்கள் பலரின் கையில் வாள் இருந்தது. தலைமுறைகளாக வரும் அந்த வாளே அவர்களுக்கு வாக்குரிமைச் சான்று. பெண்கள் அட்டை கொண்டுவருகிறார்கள். சட்ட முன்மொழிவுகளைப் பற்றி வாக்காளர் எவரும் மேடையேறிப் பேசலாம். பிறகு கைகள் உயர்கின்றன. எந்தப் பக்கம் அதிகம் என்று கண்ணால் மதிப்பிட்டு அறிவிக்கிறார்கள், ஐயம் எழுந்தால் மட்டுமே எண்ணுகிறார்கள்.

எனக்கு இது முதலில் அச்சம் தந்தது. நம் நாட்டில் கூலி வேலை செய்பவர் யாருக்கு வாக்களித்தார் என்பது பண்ணையாருக்குத் தெரியாமல் இருப்பதே சுதந்திரம். 2013-இல் நோட்டாவை அனுமதித்த உச்ச நீதிமன்றமும், எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவரின் ரகசியம்கூடக் காக்கப்பட வேண்டும் என்றே கூறியது. அப்பென்செல்காரர்களுக்கோ, அண்டை வீட்டார் பார்க்கத் தன் முடிவைக் காட்டி, அதற்குப் பொறுப்பேற்று நிற்பதே சுதந்திர மனிதனின் அடையாளம். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த வளையத்துக்குள் பெண்கள் வந்தது 1991-இல்தான். நாடு முழுவதற்குமான தேர்தல்களில் 1971-இலேயே வாக்குரிமை பெற்றிருந்த அவர்களை, தம் மாநிலப் பேரவையில் சேர்க்க இங்குள்ள ஆண்கள் 1990 ஏப்ரலில்கூடக் கைதூக்கி மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பெண்களுக்கு அந்த உரிமையை வழங்கியது. வெளியார் கட்டளையிடாமல் தம்மைத் தாமே ஆண்டுகொள்வது ஓர் ஊரின் சுதந்திரம் என்றால், அந்த ஊரிலேயே பிறந்து வாழும் பெண்ணின் சுதந்திரத்தை யார் காப்பது? நான் நீதிமன்றத்தின் பக்கமே நிற்கிறேன். மனைவிக்காகக் கைதூக்க விரும்பிய கணவர்கள் சிலராவது, சுற்றி நின்றவர்களின் பார்வைக்கு அஞ்சித் தயங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அண்டை மாநிலமான அவுசர்ரோடனில் ஆண்கள் 1989-இல் தாமாகவே கைதூக்கிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள்; 1997-இல் அங்கே பேரவையே கைவிடப்பட்டது. மாநில அளவில் இன்று இன்னர்ரோடனும் கிளாருஸும் மட்டுமே இம்முறையைத் தொடர்கின்றன.