முதல் பிடி

என் அப்பா நாவலர் பக்தர். எங்கள் வீட்டு விறாந்தையில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது, யாழ்ப்பாணத்தில் சைவத்துக்காகப் பாடுபட்ட ஆறுமுக நாவலர் படம்தான். சுவாமிப் படங்கள் எல்லாம் உள்ளே. அப்படிப்பட்டவர் மகளைக் கொண்டுபோய், அமெரிக்க மிஷன்காரர் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் விட்டால் ஊர் சும்மா இருக்குமா? கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார். "நாவலர் பெருமான் பார்சிவல் பாதிரித் துரையோட இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கக் கைகுடுத்தவர். பிறகுதானே வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் துவங்கினவர்? படிப்பு எங்க இருக்கோ அங்க போறதில பிழையில்லை." நாவலர் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது 1848இல். அதை வைத்து எழுபதுகளில் என்னை விடுதிக்கு அனுப்பியதை நியாயப்படுத்த அப்பாவால்தான் முடியும்.

ஆகவே நம் பழைய மாணவர் சங்கத்து மலர்க்குழுத் தங்கச்சி போன் எடுத்து, "அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம் என்று ஒரு கட்டுரை வேணும் அக்கா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சைவப் பிள்ளையாகப் போய்ச் சைவப் பிள்ளையாகவே வெளியே வந்தவள். எழுதக்கூடிய வேதக்கார, அதாவது கிறிஸ்தவப், பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால், ஒருவருடைய பக்தி எவ்வளவு தூரம் உண்மை என்பது அவரோடு சேர்ந்து கீர்த்தனை பாடுகிறவர்களைவிட, ஓரமாய் நின்று பார்க்கிறவர்களுக்குச் சில வேளை நன்றாகத் தெரியும். சரி, எழுதுகிறேன் என்றேன்.

பள்ளியின் பழைய கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கியது. 1840இல் வந்த எலிசா அக்னியு அம்மையார் தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைக்குப் படிப்பித்து, 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடும்வரை ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகாதவர். மேடையில் யார் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த வயதில் அது எங்களை அசைக்கவில்லை. 43 வருஷம் தன் வீட்டுக்குப் போகாத அக்னியு அம்மையாரைவிட, வெள்ளிக்கிழமை எங்களை வீட்டுக்குப் போகவிடாத விடுதி ரீச்சர்தான் எங்களுக்குப் பெரிய பிரச்சினை. அந்த 43 என்பது எவ்வளவு பாரமான எண் என்று விளங்கியது, நானே கடல் கடந்து வந்து, அம்மாவின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் இங்கே இருந்து அழுதபோதுதான்.

நான் எழுத வந்தது விடுதி ரீச்சரைப் பற்றி. பெயர் எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது. நம் காலத்துப் பிள்ளைகளுக்குத் தேவையும் இல்லை.

அவரை யாரும் 'அன்பான ரீச்சர்' என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. முகத்தில் சிரிப்பு வருவது ஆடி அமாவாசைக்கு ஒருமுறை. பகிடி விட்டால் விளங்காது. விளங்கினால் கோபம் வரும். தலையணைக்குள் ஒளித்து வைத்த சினிமாப் புத்தகங்களை மணந்து பிடிப்பார். ஜெபம் பண்ணும்போதுகூட நீட்டி முழக்கமாட்டார். இரவு ஜெபத்தில் நாலு வசனம், ஆமென், விளக்கை அணை, படு. நீளமாக ஜெபிக்கிற இன்னொரு ரீச்சரைத்தான் நாங்கள் பெரிய பக்தை என்று நினைத்திருந்தோம்.

விடுதிக் குசினியில் உலைக்குப் பக்கத்தில் மூடிபோட்ட ஒரு மண்பானை இருந்தது. பிடியரிசிப் பானை. சபைப் பெண்கள் தங்கள் வீடுகளில் செய்துவந்த பழக்கத்தை ரீச்சர் விடுதிக்குள்ளும் வைத்திருந்தார். சமையற்கார அக்கா கொத்தால் அளந்து அரிசியைச் சுளகில் கொட்டியதும், அன்றைய முறைப் பிள்ளை ஒரு கொத்துக்கு ஒரு பிடி எடுத்துப் பானையில் போடவேண்டும். பிறகுதான் கல் பொறுக்குவது, களைவது எல்லாம். மாத முடிவில் பானை நிறைந்திருக்கும். அதில் ஒரு பங்கு சபைக்கு. மற்றப் பங்கு, ரீச்சருக்கு மட்டும் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளுக்குப் போகும். எந்த வீடுகள் என்று அவர் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை.

நல்ல காலத்தில் இதெல்லாம் விளையாட்டுப் போலத்தான் இருந்தது. 1973, 74இல் கூப்பனுக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசி குறைந்து, மாவுக்கும் பாணுக்கும் விடியப்புறமே கியூவில் நின்ற நாட்கள் வந்தன. இறக்குமதி நின்றதால் வெங்காயமும் மிளகாயும் போட்ட யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது உண்மைதான். ஆனால் காசு இருந்தவன் வீட்டிலும் அரிசி தட்டுப்பாடுதான். விடுதியில் காலையில் மரவள்ளிக்கிழங்கு, இரவில் மரவள்ளிக்கிழங்கு, நடுவில் கொஞ்சம் சோறு. அந்த ஒரு பிடி எங்கள் கோப்பையிலிருந்தே எடுக்கப்படுவதாக எங்களுக்குத் தோன்றியது. ஒருநாள் மேல்வகுப்பு அக்கா ஒருவர், நல்ல சபைக் குடும்பத்துப் பிள்ளை, துணிந்து கேட்டுவிட்டார்.

"ரீச்சர், இப்ப கஷ்ட காலம்தானே. சமைச்சு மிஞ்சினால் போடுவமே?"

ரீச்சர் சுளகில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "மிஞ்சினதுக்குக் கோழி இருக்குது பிள்ளை. பானை அதுக்கில்லை."

அவ்வளவுதான் பிரசங்கம். பானை நிற்கவில்லை. ரீச்சரும் எங்களோடு இருந்து அதே மரவள்ளியைத்தான் சாப்பிட்டார். எங்களைவிடச் சத்தமாக அதைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டார். தியாகம் செய்கிறவரின் முகம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

விடுதிக்கு மா எடுக்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனால், "ரீச்சர், முன்னுக்கு வாங்கோ" என்று சனம் வழிவிடும். ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் அல்லவா? போகமாட்டார். கடைசி ஆளாய்ப் போய் நிற்பார். துணைக்குப் போன எங்களுக்குக் கால் உளையும். அப்படி நிற்கிற நாட்களில் காலை ஆராதனைக்கு வர அவருக்கு நேரம் கிடைக்காது. அது சபையில் சிலருக்குக் குறையாகவும் இருந்தது. "ஜெபத்துக்கு நேரமில்லாத விடுதி ரீச்சர்" என்று யாரோ சொன்னது எங்கள் காதுக்கே வந்தது. ரீச்சர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. 'உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழுப் பலத்தோடும்' என்று உபாகமத்தில் வருகிற வசனத்தை எங்களைக் கொண்டு பாடமாக்குவித்தவர் அவர்தான். அதில் 'பலம்' என்பது மாச்சாக்குத் தூக்குகிற பலம் என்றுதான் நான் அப்போது விளங்கி வைத்திருந்தேன். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளத் தேவை வரவில்லை.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். எனக்குக் காய்ச்சல் கண்டு, மானிப்பாய்க் கிறீன் ஆஸ்பத்திரியில் மருந்தெடுத்து, வீட்டில் கிடந்தபோது ரீச்சர் பார்க்க வந்தார். (1847இல் வந்த டொக்டர் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், வேட்டி சால்வையோடு இருக்கிற மாணவர்களைக் காற்சட்டைக்குள் புகுத்த விரும்பாதவர். அப்பா மதித்த ஒரே வெள்ளைக்காரர் அவர்தான்.) அன்றைக்குத் தோட்டத்தில் வெங்காய நடுகை. மத்தியானம் அம்மா ரீச்சருக்குச் சில்வர் ரம்ளரில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அதே நேரம் வேலிக்கரையில் குந்தியிருந்த நடுகைப் பெண்ணுக்கு, அன்றைய சாதி வழக்கப்படி, சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றப்பட்டது. எங்கள் ஊரில் அது யார் கண்ணிலும் படாத காரியம். குத்துவிளக்கும் உரலும் இருப்பதுபோல, கூரை முகட்டில் செருகிய ஒரு சிரட்டையும் வீட்டில் இருக்கும்.

ரீச்சர் எழும்பிப் போனார். தன் கையிலிருந்த ரம்ளரை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கப் பயந்து அம்மாவைப் பார்த்தாள். "பிடி பிள்ளை, சுடுகுது" என்றார் ரீச்சர். அவள் வாங்கியதும் சிரட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பி வந்து, "எனக்கு இதில ஊத்துங்கோ, போதும்" என்றார். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. சீனி கொஞ்சம் குறைவாகப் போடச் சொல்கிறவரின் குரல். குடித்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கணக்குப் பாடத்தில் விட்ட அத்தியாயங்களைச் சொல்லிவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் திருமுறை படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "'என் கடன் பணி செய்து கிடப்பதே' எண்டு அப்பர் சுவாமிகள் பாடினதை நாங்கள் பாடுறம். அந்த வேதக்கார மனுசி செய்யுது" என்றார். சிரட்டை குப்பைக்குப் போனது. ஆனால் அடுத்த கிழமை அதன் இடத்தில் ஒரு நெளிந்த தகரப்பேணி வந்து சேர்ந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் ஊரில் மனம் மாறுகிற வேகம் அவ்வளவுதான். வேதக்காரர் வீடுகளும் இதில் விதிவிலக்கில்லை. ஞானஸ்நானம் எடுத்துப் பரம்பரைகள் கடந்த குடும்பங்களிலும் கலியாணப் பேச்சு என்றால் முதல் கேள்வி சாதிதான். இதை மறைத்து 'விசுவாச வாழ்வு' என்று எழுதினால் மலருக்கு அழகாய் இருக்கும், உண்மையாய் இராது. ரீச்சரை நான் இவ்வளவு நினைத்துப் பார்ப்பதே, அவர் மற்றவர்களைப் போல இல்லாததால்தான்.

1978 கார்த்திகையில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப்போட்டதும், பானையோடு விடுதிக் களஞ்சியத்திலிருந்த அரை மூட்டையையும் சேர்த்து லொறியில் ஏற்றச் சொன்னார். "நாளைக்கு?" என்று சமையற்கார அக்கா கேட்டார். "நாளைக்கு மரவள்ளி" என்று பதில் வந்தது. அந்த ஒருநாள் மட்டும் யாரும் மரவள்ளியைத் திட்டவில்லை, ரீச்சர் உட்பட.

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. கலவரம், சண்டை, கொழும்பு, பிறகு இந்தப் பனி. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, உடுவிலும் சேர்ந்த வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவரும் நடந்தாராம், ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆன உடம்போடு. நாவற்குழிப் பாலத்து நெரிசலில், மழையில், அடி அடியாய் நகர்ந்த சனத்தோடு. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இடத்தில், நிவாரண அரிசி வந்ததும், பங்கு போடுமுன் ஒரு வாளியில் கொஞ்சம் எடுத்து மூடி வைக்கச் சொல்லி நின்றாராம், இரவில் இன்னும் வந்து சேருகிறவர்களுக்காக. பசியோடு நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். கூடப் படித்தவள் ஒருத்தி கடிதத்தில் எழுதியது இது. கொஞ்சம் கூட்டியும் எழுதியிருப்பாள், அவள் சுபாவம் அப்படி. ஆனால் அந்த வாளி பொய்யாய் இராது.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை எழுத ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். எல்லாப் பழைய மாணவர் சங்கங்களையும் போல நாங்களும் ஆண்டு விருந்து வைக்கிறோம். ஹோல் வாடகை, சாப்பாடு, பாட்டுக்காரர், பூச்சோடனை எல்லாம் கொடுத்து மிஞ்சுவதை ஊரில் கஷ்டப்படுகிற பிள்ளைகளின் படிப்புக்கு அனுப்புகிறோம். மிஞ்சுகிற வருஷமும் உண்டு, மிஞ்சாத வருஷமும் உண்டு. போன செயற்குழுக் கூட்டத்தில் நான் கேட்டது சின்ன விஷயம்: டிக்கெட் காசு கைக்கு வந்த அன்றே ஒவ்வொன்றிலும் ஐந்து டொலரை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுவோம், மிச்சத்துக்குள் விருந்தை அடக்குவோம்.

பொருளாளர் தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, பிறகு கொத்துரொட்டி முடிஞ்சுபோனால் சனம் என்னைத்தான் பேசும்."

பேசட்டும் என்றேன். மார்கழிக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் தயவுசெய்து வந்து கையை உயர்த்துங்கள்.