ஓரம் எங்கே இருக்கிறது

ஜூன் 3, செவ்வாய்

ஸ்கேன் அறைக்குள் என்னையும் விட்டார்கள். அம்மாவின் கழுத்தில் ஜெல் தடவி, ஸ்கேன் எடுக்கும் பெண் கருவியை நகர்த்த, திரையில் மேகம் மாதிரி ஒன்று வந்து நின்றது. அதன் ஒரு ஓரத்தில் கூட்டல் குறி வைத்தார். எதிர் ஓரத்தில் இன்னொன்று. நடுவே புள்ளிக்கோடு. கீழே 13.6 மி.மீ. அவருக்குத் திருப்தியில்லை போல. குறியைக் கொஞ்சம் இழுத்தார். 14.2. அதுவே ரிப்போர்ட்டில் ஏறியது.

பதினொரு வருடமாக மெஷின் பாகங்களின் ட்ராயிங்கில் டைமன்ஷன், அதாவது அளவு, போட்டுச் சாப்பிடுகிறவன் நான். நாங்கள் வரையும் சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் எண்ட்பாயிண்ட் ஸ்னாப் இருக்கிறது. கோட்டின் முனைப் பக்கம் கர்சர் போனாலே சின்னச் சதுரம் வந்து பிடித்துக்கொள்ளும். இங்கே அவர் எதைப் பிடித்தார்? மேகத்துக்கு ஏது முனை?

வெளியே வந்து, "எத்தனை பெருசு இருக்குதாம் கண்ணு?" என்றாள் அம்மா. சின்னதுதான் என்றேன்.

ஜூன் 4, புதன்

டிராட்ஸ் 4. தைராய்டு கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்லும் தரவரிசையாம். 15 மி.மீ. இருந்தால் ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பார்களாம். அதற்குக் கீழே என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன்.

14.2க்கும் 15க்கும் நடுவில் 0.8. அந்தப் பெண் என் கண்முன்னால் விரலால் இழுத்ததே 0.6.

டாலரன்ஸ், அதாவது எவ்வளவு விலகலாம் என்று, எழுதாத அளவு என்றால் எங்கள் ட்ராயிங்கில் ஐஎஸ்ஓ 2768 மீடியம் என்ற பொது விதி. 6 முதல் 30 மி.மீ. வரை ±0.2. ட்ராயிங் மூலையில் விவரம் எழுதும் டைட்டில் பிளாக்கில் ஒரே வரி, உலகம் முழுக்கப் புரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரியைத் தேடினேன்.

மாலை ஆறரைக்கு ஒரு ட்ராயிங்குக்கு ரிவிஷன் வந்தது. பைப் முனையின் ஃபிளேஞ்சோடு (போல்ட் போடும் வட்டத் தகடு) சேரும் அடாப்டர் பிளேட், 2 இன்ச் கிளாஸ் 150 அளவு வேண்டாமாம், 50 என்பி பிஎன் 16 அளவு வேண்டுமாம். ஓடி (வெளி விட்டம்) 152.4 போய் 165. நாலு ஹோல், 19 போய் 18. பிசிடி (ஹோல் மையங்கள் எல்லாம் உட்காரும் வட்டத்தின் விட்டம்) 120.65 போய் 125. நடுவில் டாக்டரிடமிருந்து போன். முடித்து, லேசரில் தகடு வெட்டும் கடைக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 5, வியாழன்

காற்று. அம்மா முருங்கைக்கீரை ஆய்கிறாள். நடுநடுவே கை கழுத்துக்குப் போய்வருகிறது.

ஜூன் 9, திங்கள்

60 பிளேட் வந்து இறங்கின. போல்ட் நுழையவில்லை.

ஜூன் 9, இரவு

தூக்கம் இல்லை. எழுதியாவது வைக்கிறேன்.

ஃபைலைத் திறந்து பிசிடி டைமன்ஷனைக் கிளிக் செய்தேன். பிராப்பர்ட்டீஸில் இரண்டு வரி அடுத்தடுத்து நிற்கின்றன. மெஷர்மெண்ட்: 120.65. டெக்ஸ்ட் ஓவர்ரைடு: 125.

ஓடியை ஒழுங்காக மாற்றியிருக்கிறேன். ஹோலையும் மாற்றியிருக்கிறேன். பிசிடிக்கு வந்தபோதுதான் போன் அடித்திருக்க வேண்டும். வட்டத்தைப் பெரிதாக்கி நாலு ஹோலையும் நகர்த்துவதற்குப் பதில், எழுத்தை டபுள் கிளிக் செய்து 125 என்று தட்டிவிட்டேன். தட்டிய நொடியில் அந்த எண்ணுக்கும் கோட்டுக்கும் உறவு அறுந்துபோனது. இனி கோட்டை எங்கே இழுத்தாலும் அது 125 என்றுதான் சொல்லும். நேற்று சேர்ந்த பையன் செய்தால் கத்துவேன்.

ஐடிஐயில் எங்கள் வாத்தியார் முதல் நாளே சொன்னது: தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதியிருப்பதுதான் அளவு. இப்போதும் எங்கள் எல்லா ஷீட்டிலும் மூலையில் அந்த வாக்கியம் அச்சாகிறது. லேத்தில் கடையும் டர்னர் அண்ணன் அப்படித்தான் வேலை செய்கிறார். கோடு கோணலாக இருந்தாலும் எண்ணைத்தான் நம்புவார். லேசர் மெஷின் நேர் எதிர். நாங்கள் அனுப்பும் டிஎக்ஸ்எஃப் ட்ராயிங் ஃபைல் கைக்கு வந்ததும் அங்கே முதல் வேலையே எழுத்து, அம்பு, சென்டர்லைன் எல்லாவற்றையும் அழிப்பதுதான். மிச்சம் இருக்கும் கோட்டின் மேல் மெஷினின் வெட்டும் தலை ஓடும். என் 125ஐ அது பார்க்கவே இல்லை.

லேசர் கடை அண்ணனுக்குப் போன் செய்தேன். "தம்பி, நீங்க குடுத்த கோட்டைத்தானே வெட்டுவோம்" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

0.175.

பிசிடி வித்தியாசத்தில் பாதி 2.175. அவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது ஒவ்வொரு ஹோலும். 16 மி.மீ. தடிமனுள்ள எம்16 போல்ட்டுக்கு 18 ஹோல் என்றால் நம் பிளேட்டில் சுற்றிலும் 1 மி.மீ. இடம், எதிர் ஃபிளேஞ்சில் 1 மி.மீ. மொத்தம் 2. அதாவது 0.175க்குத்தான் அவ்வளவு சத்தம்.

இன்னொன்றும் கணக்குப் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. பழைய 19 ஹோலை மாற்றாமல் விட்டிருந்தால் 2.5 இடம் கிடைத்திருக்கும். போல்ட் நுழைந்திருக்கும். யாருக்கும் தெரிந்தே இருக்காது.

முதலாளியிடம் 19 ட்ரில் ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். "கஸ்டமர் ஆளுங்க வெர்னியரை எதிரெதிர் ஹோல்ல உள்ளோரத்துக்கு உள்ளோரம் வெச்சு, ஹோல் சைஸைக் கூட்டிப் பார்ப்பாங்கப்பா. புதுசா வெட்டிக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என்னாச்சு உனக்கு?" என்றார். அம்மா விஷயம் இன்னும் அங்கே யாருக்கும் சொல்லவில்லை. ஒன்றுமில்லை சார் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வேறு இடத்தில் ஸ்கேன். 15.1.

ஒன்பது நாளில் வளர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்டாள். இல்லைம்மா, ஆள் வேற, கை வேற என்றேன். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தால், அதுதான் உண்மையாக இருக்கும் என்று பட்டது. ஆனாலும் 15 தாண்டிவிட்டது. நாளைக்கு ஊசி.

ஜூன் 13, வெள்ளி

மெல்லிய ஊசி. மரத்துப்போக எதுவும் போடவில்லை. மூன்று தடவை குத்தினார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது கணபதி பஸ் ஸ்டாப்பில் இளநீர் கேட்டாள். முழுசாகக் குடித்தாள்.

ஜூன் 14, சனி

தவறாக வெட்டிய 60 பிளேட்டும் என் மேஜைக்குக் கீழே அடுக்கி இருக்கின்றன. கால் நீட்டினால் இடிக்கிறது. யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, வேறு இடம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து எல்லா டைமன்ஷனையும் கிளிக் செய்து பார்க்கிறேன். யாரும் சொல்லவில்லை. இதுவரை ஒன்பது ஓவர்ரைடு. ஏழு என் கை.

அதில் ஒன்று பேரிங் ஹவுசிங், அதாவது பேரிங் உட்காரும் கூடு. 6205 பேரிங்குக்கு உட்கார 52 வேண்டும். 52 எச்7 (எச்7 என்பது துளையின் டாலரன்ஸ்) என்றுதான் எழுதியிருக்கிறது, கோடு 51.5ல் நிற்கிறது. இது பரவாயில்லை, டர்னர் அண்ணன் எண்ணைப் பார்த்துச் செய்திருப்பார். ஆழம்தான் வயிற்றைக் கலக்கியது. பேரிங் அகலம் 15, நான் தட்டியிருப்பது 12. நாலு வருடமாக இந்த ஹவுசிங் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி?

அண்ணனிடம் போய்க் கேட்டேன். லேத்துக்குப் பின்னால் கிளிப்பில் தொங்கிய தாளை எடுத்துக் காட்டினார். எண்ணெய்க் கறை. என் 12ஐப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 15 என்று எழுதி வைத்திருக்கிறார்.

"ஏண்ணா சொல்லல?"

"நீ பிஸியா இருந்த."

ஜூன் 17, செவ்வாய்

ரிப்போர்ட் நாலு மணிக்கு. பத்தாவது ஓவர்ரைடும் கிடைத்தது, இதுவும் நான்தான். அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. இரண்டையும் எடுத்துக்கோம்மா என்றேன்.