ஜிமேட் வாக்கியத் திருத்தத்துக்கு நான் தயாரான விதம்

மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வை அதன் பழைய வடிவில் எழுதியவர்களில் நானும் ஒருவன். 65 நிமிடங்களில் 36 வினாக்களை முடிக்க வேண்டியிருந்த அதன் ஆங்கிலப் பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்கியத் திருத்தமாக இருந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தம் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்விலும், நம் நாட்டில் மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி தேர்விலும், வங்கித் தேர்வுகளிலும் இதே வகை வினாக்கள் வேறு உருவில் தொடர்வதால், நான் படித்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீண்ட வாக்கியம் ஒன்றின் ஒரு பகுதியை அடிக்கோடிட்டு, ஐந்து விடைகளைத் தருவார்கள். முதல் விடை, வாக்கியத்தில் உள்ளதை மாற்றாமல் அப்படியே திரும்பச் சொல்லும். ஆங்கிலச் செய்தித்தாள் படித்துப் பழகியவருக்கு ஐந்தில் இரண்டு மூன்று காதுக்கு நன்றாகவே ஒலிக்கும். சிக்கலே அங்கேதான். அன்றாடம் எல்லோரும் எழுதும் பிழைகள் விடைகளாக நிற்கும். 'ரிக்வயர் தட் ஹி பி' என்பது போல் காதை உறுத்தும் தொடர் சரியான விடையாக இருக்கும்.

காதை ஒதுக்கிவிட்டு வாக்கியத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியபோது, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் எதிர்பாராத வகையில் கைகொடுத்தது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்துக்கும் அது கொண்டு முடியும் வினைமுற்றுக்கும் வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம் அல்லவா? ஆங்கில வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் எச்சத் தொடருக்கும் கிட்டத்தட்ட அதே விதிதான். 'டிஸ்கவர்ட் இன் 1928' என்று தொடங்கி, காற்புள்ளிக்குப் பின் சி.வி. ராமனை எழுவாயாக வைத்து, அவர் 1930-இல் நோபல் பரிசு பெற்றதாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் கண்டறியப்பட்டது ராமன் விளைவு; வாக்கியமோ ராமனையே யாரோ கண்டுபிடித்ததாகச் சொல்கிறது. காற்புள்ளிக்குப் பின் வரும் முதல் பெயர் எது என்று பார்க்கும் பழக்கம் வந்தபின், இத்தகைய வினாக்களில் தவறான விடைகளைக் கழிக்கச் சில நொடிகளே போதுமானதாக இருந்தது.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள இயைபிலும் தமிழே துணை நின்றது. 'மேலாளர் ஊழியர்களுடன் வந்தார்' என்போம். 'மேலாளரும் ஊழியர்களும் வந்தார்கள்' என்போம். 'அலாங் வித்' என்பது நம் 'உடன்' போன்றது, எழுவாயைப் பன்மையாக்காது. 'அண்ட்' என்பது நம் 'உம்' போன்றது, பன்மையாக்கும்.

ஆனால் ஒப்பீட்டில் தமிழ் காலை வாரிவிடும். 'மதுரையின் மக்கள்தொகை சென்னையைவிடக் குறைவு' என்று நாம் தயக்கமின்றி எழுதுகிறோம். இந்தத் தேர்வோ மக்கள்தொகையை மக்கள்தொகையோடுதான் ஒப்பிட விடும்; 'தட் ஆஃப் சென்னை' என்று இருந்தாலொழிய அந்த விடை தவறு. அதேபோல், 'மழை பொய்த்தது, இது விளைச்சலைப் பாதித்தது' என்பதில் 'இது' முழுச் செய்தியையும் சுட்டுகிறது. அந்த வேலையைச் செய்ய 'விச்' என்ற சொல்லைத் தேர்வு அனுமதிக்காது. தனக்கு முன்னால் ஒட்டி நிற்கும் பெயரையே அது தழுவ வேண்டும். தேர்வு பின்பற்றுவது அமெரிக்க வழக்கு என்பதையும் மறக்கக்கூடாது. 'டீம்' போன்ற கூட்டப் பெயர்களை, பிரித்தானிய வழக்கில் சில வேளை வருவதுபோல், பன்மையாக்க முடியாது.

மரபுத்தொடர்கள் தனி உலகம். 'கன்சிடர்' என்பதற்குப் பின் 'ஆஸ்' வராது. 'ரிகார்ட்' என்பதற்கு அது இல்லாமல் ஆகாது. 'ஃபர்பிட்' என்றால் 'டு', 'ப்ரொஹிபிட்' என்றால் 'ஃப்ரம்'. ஏன் என்று கேட்டுப் பயனில்லை. இணையத்தில் சுற்றும் நூற்றுக்கணக்கான தொடர்களின் பட்டியலை உருப்போடுவது வீண் வேலை என்பது என் கருத்து. பழைய வினாக்களைப் போட்டுப் பார்க்கையில் எதிர்ப்படும் தொடரை முழு வாக்கியத்தோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அதுவே மனத்தில் தங்கியது. நம் அலுவலக மின்னஞ்சல்களில் புழங்கும் 'டிஸ்கஸ் அபவுட்', 'பிட்வீன் 10 டு 12' போன்றவற்றுக்கு அதே நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கினேன். நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே அவை பிழையாகத் தோன்றுவதில்லை.

தேர்வறையில் எலும்புக்கூடு, ஒப்பீடு, 'விச்' ஆகியவற்றைப் பார்த்து விடைகளைக் கழித்துவிட்டு, மரபுத்தொடரைக் கடைசியில்தான் தொட்டேன். இரண்டு விடைகள் மிஞ்சினால் ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தில் பொருத்தி, சொல்ல வந்த பொருள் எதில் சிதையாமல் இருக்கிறது என்று பார்ப்பேன். அப்போதும் தெளியாவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பழைய வடிவில் முந்தைய வினாவுக்குத் திரும்ப வழியில்லை. மிச்சம் பிடித்த நேரமும் நீண்ட பத்திகளைப் படித்து விடையளிக்கும் வினாக்களுக்குத் தேவைப்பட்டது.