பிஸ்டன் வரட்டும், அப்புறம் சிலிண்டரைக் கடையலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனை லாரிகள் போகிற சாலையோரம் மாமாவின் பட்டறை. என் புரோட்டான் வீரா கார் மூன்று மாதமாக அங்கேதான் இஞ்சின் இல்லாமல் நிற்கிறது.

போன தடவை அவசரப்பட்டேன். 4ஜி92 இஞ்சின், அதன் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையின் விட்டம், 81 மில்லிமீட்டர்; அதை 81.5 ஆக்கச் சொல்லி, பிஸ்டன் இல்லாமல் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இஞ்சின் உடலை மட்டும் ஒரு கடையில் கொடுத்துவிட்டேன், அவர்களும் சாதாரண வார்ப்புப் பிஸ்டனுக்கான இடைவெளி வைத்தே கடைந்து தந்துவிட்டார்கள். நான் வாங்கியதோ ஃபோர்ஜ்டு பிஸ்டன், உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்தது! சூட்டில் அது அதிகமாக விரியும், அதற்கு இடைவெளி கூட வேண்டும். நான்காவது பிஸ்டனைக் கழற்றியபோது ஸ்கர்ட், அதாவது அதன் கீழ்ப்பக்கச் சுவர் முழுக்கப் பூனை பிறாண்டிய மாதிரி கோடுகள்.

"சட்டையைத் தைச்சிட்டு ஆளைத் தேடுவியாடா?" என்றார் மாமா.

இந்தத் தடவை போர் 82 மில்லிமீட்டர். பிஸ்டன் முதலில் வரும், ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து எண் எழுதி, அந்தந்த சிலிண்டரை அதற்கேற்பக் கடைவார்கள். ஹோனிங், அதாவது கடைந்த சுவரைத் தேய்த்து மெருகேற்றும்போது, ஹெட்டுக்குப் பதிலாக பிளாக்கின் மேல் முறுக்கும் கனமான தகடான டார்க் பிளேட் கட்டாயம்; ஹெட் போல்ட்டை முறுக்கினால் சிலிண்டர் லேசாகக் கோணும், அந்தக் கோணலோடு தேய்த்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். கூலி கூடத்தான். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டைப் பெரிதாக்கும் ஆசையை அதனால் தள்ளிப்போட்டேன், சரி, தீபாவளி போனஸ் வரட்டும்.